தானா எறங்காது

மிஷினோட எமர்ஜென்சி பட்டன அமுக்கின அடுத்த நொடி, கட்டர் மாட்டியிருக்கற ஹெட் கீழ எறங்கிருச்சு. படார்னு விழல. பஸ்ல ஒக்காந்து தூங்கறவன் தலை சாயுமே, அந்த மாதிரி ஒரு சாண் சாஞ்சு, டேபிள் மேல கெடந்த டார்ச் லைட்ட நசுக்கிட்டு நின்னுச்சு. கண்ணாடி நொறுங்கின சத்தம் சின்னதுதான், அப்பளத்த ஒடைச்ச மாதிரி. மெக்கானிக் சென்னியப்பன் அந்த டார்ச்சையே பாத்தான். ஒரு மூச்சுக்கு முன்னாடி வரைக்கும் அந்த டார்ச்ச ஒரு கை புடிச்சிட்டிருந்துச்சு. ஆபரேட்டர் கலாமணியோட கை. புடிக்கச் சொன்னதே இவன்தான். கட்டருக்கு அடியில கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்கம்மிணின்னு சொன்னான், அந்தப் பொண்ணு மிஷின் கதவத் தொறந்து கைய உள்ள விட்டுச்சு, இருங்க எதுக்கும் எமர்ஜென்சிய அமுக்கிக்கறேன், அப்பறம் ஒண்ணும் ஆகாதுன்னு இவனே சொல்லி இவனே அமுக்கினான். அந்த நேரம் பாத்து கலாமணிக்குத் தும்மல் வந்துச்சு. கட்டர் சூடாகாம ஊத்தற கூலண்ட் வாடைக்கு அதுக்கு எப்பவும் தும்மல் வரும். டார்ச்ச டேபிள்ல போட்டுட்டு மூக்கப் பொத்தறதுக்குக் கைய வெளிய இழுத்துச்சு. அவ்வளவுதான். ஒரு தும்மல். அந்தத் தும்மல் வரலேன்னா இப்ப இவன் என்ன பண்ணிட்டிருப்பான், துணி தேடிட்டிருப்பான், ஆட்டோ கூப்புடச் சொல்லிக் கத்திட்டிருப்பான், வெரல ஐஸ்ல போடணுமா தண்ணியில போடணுமான்னு கேட்டுட்டிருப்பான். கணபதி ஏரியாவுல, அத்திப்பாளையம் ரோட்டோரத்து ஷெட்டுல, காலைல பதினோரு மணி. பக்கத்து லேத்து ரெண்டும் அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. ரேடியோவுல யாரோ பல்லு வெளக்கற பேஸ்ட்டப் பத்திச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்க. இவன் ஒருத்தன்தான் செவப்புப் பட்டன் மேல வெச்ச உள்ளங்கைய எடுக்கத் தெரியாம நின்னுட்டிருந்தான்.

கலாமணி மூக்கத் தொடச்சுட்டு நசுங்கின டார்ச்ச எட்டிப் பாத்துச்சு. பயப்படல. அதுதான் இவனுக்கு இன்னும் பயமா இருந்துச்சு. "கும்புட்டுருச்சுங்க"ன்னு சிரிச்சுச்சு. என்ன கும்புட்டுச்சுன்னு கேட்டான். ஹெட்டுத்தானுங்க, எமர்ஜென்சி அமுக்கினா இது எப்பவும் கும்புடுமுங்க, ரெண்டு வெரல் அளவு எறங்கி நிக்கும், இன்னிக்கு இந்தப் பெரிய கட்டர் மாட்டியிருக்கறதால நல்லா குனிஞ்சுருச்சு, இவ்வளவு குனிஞ்சு நானே பாத்ததில்லைன்னு அந்தப் பொண்ணு பாட்டுக்குச் சொல்லிட்டே போச்சு. ஆயுத பூஜையப்ப எல்லாரும் சேந்து எமர்ஜென்சிய அமுக்கி, மிஷினக் கும்புட வெச்சு, அதுக்கப்பறந்தான் இவங்க அதுக்குப் பொட்டு வெப்பாங்களாமா. மொதல்ல அது நம்மளக் கும்புடணும், அப்பறம் நாம அதக் கும்புடலாம்னு லேத்துக்காரரு ஒருத்தரு ஆரம்பிச்சு வெச்ச வெளையாட்டாமா. ஷெட்டு பூரா அதுக்குச் சிரிக்கும்னு சொல்லி கலாமணியும் சிரிச்சுச்சு. அப்பறம் நசுங்கின டார்ச்ச மறுபடியும் பாத்துட்டு, நல்லவேளைங்க, நானும் பூபதி பண்ணியிருப்பேன்னு சொல்லுச்சு. அந்தப் பேரக் கேட்டதும் சென்னியப்பனோட நாக்கு, ஒடஞ்ச கடவாப்பல்லுக்குப் போய் அங்கயே நின்னுருச்சு. பூபதி பண்றதுன்னா இந்த ஷெட்டுல ஒரு வார்த்தை. கைய உள்ள வெச்சுட்டு மறதியா பட்டன அமுக்கறதுக்குப் பேரு பூபதி பண்றது. புதுசா வர்றவங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுப்பாங்க, பாத்து, பூபதி பண்ணிராதே. பூபதி யாருன்னு கலாமணிக்குத் தெரியாது, பாத்ததே இல்ல. எத்தன நாளா இது கும்புடுதுன்னு கேட்டான், குரலு வேற யாரோ கேட்ட மாதிரி வந்துச்சு. நான் வந்து மூணு வருசமாச்சுங்க, வந்ததுலேர்ந்தே கும்புடுது, பழைய மிஷினுல்லீங்களா.

பழைய மிஷினு. ஆமா, பழைய மிஷினுதான், ஜப்பான்ல யாருக்கோ முப்பது வருசம் ஒழைச்சுட்டு, கப்பல் ஏறி வந்து, இங்க பம்ப் பாடி, அதாவது பம்போட வெளிக்கூடு, அறுத்துட்டிருக்குது, ஸ்கிரீன்ல இன்னும் பச்சை எழுத்துத்தான் வரும். ஆனா பழசானா கும்புடும்னு எந்த மிஷினுக்கும் எழுதி வெக்கல. ஹெட் மேலயும் கீழயும் போற மோட்டார்ல ஒரு பிரேக் இருக்குது. கரண்டு வந்தா விடும், கரண்டு போனா புடிச்சுக்கும். எமர்ஜென்சி அமுக்கினா பிரேக்குக்குப் போற கரண்டு நின்னு, அது கப்புன்னு புடிச்சுக்கணும், ஹெட் ஒரு நூல் கூட எறங்கக் கூடாது. எறங்குதுன்னா பிரேக் தேஞ்சிருக்கணும். தேஞ்சிருக்கும். முப்பது வருசம் தேயாதா. இல்லேன்னா எமர்ஜென்சி அமுக்கினாலும் பிரேக்குக்கு எங்கிருந்தோ கரண்டு போயிட்டே இருக்கணும். எங்கிருந்தோன்னா. எங்கிருந்தோன்னு சொல்லி அங்கயே நிறுத்திக்கிட்டான். இந்த எடத்துக்கு வந்ததும் அவன் மனசு, ரோட்டுல பள்ளத்தப் பாத்த வண்டி மாதிரி, சட்டுன்னு ஒடிச்சுத் திரும்பிருச்சு. இவன் வந்தது பிரேக்கப் பாக்க இல்ல. காலைல இருந்து இசட் டிரைவ், அதாவது ஹெட்ட ஏத்தி எறக்கற மோட்டாருக்குக் கரண்டு குடுக்கற பொட்டி, அலாரம் அடிச்சு அடிச்சு நிக்குது, அதப் பாக்க வந்தான். நாலு மணிக்குப் பம்ப் பாடி ஏத்த வண்டி வருது, இன்னும் எட்டு பாக்கி. அலாரம்தான் வேலை. கும்புடறது அவங்க வெளையாட்டு. அலாரத்தப் பாப்போம்னு சொல்லிக்கிட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணினான். உள்ள டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. பிரேக் புடிச்ச சத்தம். நல்லா, கெட்டியா, புதுப் பிரேக் மாதிரி. தேஞ்ச பிரேக் இப்படிப் புடிக்காது. மெயின நிறுத்தினா புடிக்குது, எமர்ஜென்சிய அமுக்கினா புடிக்கல. சென்னியப்பன் அந்தச் சத்தத்தக் கேக்காத மாதிரி ஸ்குரூ டிரைவரத் தேடினான். கையில இருந்த ஸ்குரூ டிரைவரத்தான் தேடினான்.

நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆடி மாசம். காத்து ஷெட்டுத் தகரத்தப் பிச்சு எறியற மாதிரி அடிச்சிட்டிருந்துச்சு. இதே மிஷின்ல பிரேக்குக்குக் கரண்டு குடுக்கற ரிலே கருகிப் போயி, பிரேக் விடாம, மோட்டார் பிரேக்கோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அலாரம் அடிச்சுது. ரிலே மெட்ராஸ்ல இருந்து வரணும், அஞ்சு நாளாகும். அஞ்சு நாளு மிஷின நிறுத்தறதான்னு கேட்டாங்க. எல்லாரும் பண்ற வேலைதான், இதுல ஒண்ணும் அதிசயம் இல்ல, மெக்கானிக்கா பொறந்தவன் எவனும் பண்ணாம இருந்திருக்க மாட்டான். பின்பக்கம் கீழ இருக்கற சின்னப் பொட்டியில, ரிலேவத் தாண்டி ஒரு துண்டு வயரு. ஜம்பர். மெயின் இருக்கற வரைக்கும் பிரேக் தொறந்தே இருக்கும், வேலை ஓடும். அஞ்சு நாளு. ரிலே வந்ததும் எடுத்துரலாம். ரிலே வந்துச்சு. வந்தது ஞாபகம் இருக்குது, தீப்பெட்டி அளவுல ஒரு அட்டைப் பெட்டி. எடுத்தோம். எடுத்தோமில்ல? எடுத்தோம். எடுத்தது நல்லா ஞாபகம் இருக்குது, சும்மா இல்ல, படம் மாதிரி. குத்த வெச்சு ஒக்காந்து ரெண்டு ஸ்குரூவத் தளத்தினது, வயரு நுனி சூடா இருந்தது, யாரோ கடையில இருந்து பஜ்ஜி வாங்கிட்டு வந்து அந்த எண்ணெய் வாசம், வெளிய மழை, டார்ச்சப் புடிச்சிருந்த கை. அந்தக் கை பூபதியோட கை. அஞ்சு வெரலும் இருந்துச்சு. எண்ணிப் பாத்தா இப்பவும் அஞ்சு. அப்படீன்னா வயர எடுத்தது பூபதிக்கு அடிபடறதுக்கு முன்னாடி. அப்படீன்னா பூபதிக்கு அடிபட்டப்ப அங்க வயரே இல்ல. பாத்தீங்களா, கணக்கு நேராயிருச்சு. சென்னியப்பனுக்கு மூச்சு கொஞ்சம் எறங்கிச்சு. டிரைவோட கவரக் கழட்டி, மேல படிஞ்சிருந்த கரித்தூசிய பிரஷால தள்ளி விட்டான், மோட்டார் வயரக் கழட்டி மீட்டர வெச்சு ஒவ்வொண்ணா அளந்தான், ஒண்ணும் கெட்டுப் போகல, எல்லாம் சமமா இருந்துச்சு, மோட்டார் நல்லாருக்குது. கலாமணி கிட்ட நாலு தடவ நல்லாருக்குதுங்க நல்லாருக்குதுங்கன்னு சொன்னான். அதுக்கு ஏன் இத்தன தடவ சொல்றாருன்னு அந்தப் பொண்ணு பாத்துச்சு.

மோட்டார் நல்லாருந்தா டிரைவப் பாக்கணும். டிரைவப் பாக்க ஒரு சுலபமான வழி இருக்குது. பக்கத்துலயே டேபிள ஓட்டற ஒய் டிரைவ் இருக்கும், ரெண்டும் ஒரே அச்சு, ரெட்டைப் புள்ளைங்க மாதிரி. அதக் கழட்டி இங்க, இதக் கழட்டி அங்க. அலாரம் டிரைவுக்குப் பின்னாடியே போச்சுன்னா டிரைவ் கெட்டது. அங்கயே நின்னுச்சுன்னா வேற எங்கயோ கோளாறு. கூடவே வருதா, அங்கயே நிக்குதா, அவ்வளவுதான் கேள்வி. கழட்டறதுக்கு முன்னாடி இவன் ஒண்ணு பண்ணினான். வெளிய போயி, பேக்கிங் மரக்கட்டை ஒண்ணத் தூக்கிட்டு வந்து, ஹெட்டுக்கு அடியில முட்டுக் குடுத்தான். மெயின் ஆஃப், பிரேக் புடிச்சிருக்குது, கட்டையே தேவையில்ல. கை தானா போயி எடுத்துட்டு வந்து வெச்சுச்சு. வெச்சப்பறம் அந்தக் கட்டையப் பாத்துட்டே நின்னான். ஒண்ணுமில்லேன்னு மனசு சொல்லிட்டிருக்குது, கைக்கு மட்டும் யாரு சொன்னாங்க. அப்பத்தான் மொதலாளி குழந்தைவேலு ரெண்டு டம்ளர் டீயோட வந்து நின்னாரு. மனுசன் மோசமில்ல, ஆனா நிக்கற நேரத்துல எல்லாம் கடிகாரத்தப் பாக்கற ஆளு. என்னாச்சு தம்பி, மூணு மணிக்காவது விட்டுருவியா, வண்டிக்காரன் நாலுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டான்னு சொல்லிட்டு, மரக்கட்டையப் பாத்து, அதென்ன புதுசா கொழந்தைக்குத் தலகாணியெல்லாம் வெக்கறேன்னு கிண்டல் பண்ணினாரு. சென்னியப்பன் சிரிச்சான். இதே எடத்துல, இதே ஆளு, இதே மாதிரி டீயோட நின்னுதான் அன்னிக்கும் கேட்டாரு.

அன்னிக்கு. அதே வருசம் ஐப்பசி மாசம், தீபாவளிக்கு நாலு நாளு இருக்கறப்ப. இந்த மிஷின ஓட்டிட்டிருந்த பூபதியோட வலது கையில நடு வெரலும் மோதர வெரலும் போயி ரெண்டு நாளு கழிச்சு. இவனக் கூப்புட்டு மிஷினச் சரி பாக்கச் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில பூபதி ஒரே பேச்சுத்தான் பேசிட்டிருந்தான், கட்டர் மாத்தறதுக்குக் கதவத் தொறந்தேங்க, ஒரு கைய உள்ள விட்டுட்டே சேஃப்டிக்கு எமர்ஜென்சியத்தானுங்க அமுக்கினேன், மிஷின் தானா எறங்கி கை மேல ஒக்காந்துருச்சுங்க. எல்லாரு கிட்டயும் சொன்னான், நர்ஸ் கிட்ட சொன்னான், இன்ஸ்பெக்சனுக்கு வந்தவர் கிட்ட சொன்னான். அதனால குழந்தைவேலு இவன் கிட்ட கேட்டாரு, ஏம்ப்பா, தானா எறங்குமா. இவன் யோசிக்கவே இல்ல. டீய உறிஞ்சிட்டே சொன்னான். "தானா எறங்காதுங்க. பிரேக் இருக்குது. பையன் பட்டன அமுக்கியிருப்பான்." மூணு வாக்கியம். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கல, மெக்கானிக் சொல்லிட்டாருன்னா சொல்லிட்டாரு, காயிதத்துலயும் அதையே எழுதிட்டாங்க. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு இவனே ஆஸ்பத்திரிக்குப் போயி, கட்டில் ஓரத்துல ஒக்காந்து, பூபதிக்கும் எடுத்துச் சொன்னான். தம்பி, கரண்டு போனா அது புடிச்சுக்கும், தானா எறங்காது, வலியில உனக்கு மறந்து போச்சு, நல்லா யோசிச்சுப் பாரு, எமர்ஜென்சின்னு நெனச்சு வேற பட்டன அமுக்கியிருப்பே. அன்பாத்தான் சொன்னான். தலையத் தடவிக் குடுத்துச் சொன்னான். பூபதி மொதல்ல இல்லீங்ண்ணா இல்லீங்ண்ணான்னு சொல்லிட்டிருந்தான். அப்பறம் கட்டுப் போட்ட கையத் திருப்பித் திருப்பிப் பாத்தான். அப்பறம், இருக்குமுங்களான்னு கேட்டான். இருக்கும்னு இவன் சொன்னான். ஒரு வாரத்துல பூபதியே எல்லாரு கிட்டயும் சொல்ல ஆரம்பிச்சுட்டான், நான்தானுங்க அமுக்கிட்டேன், எங்கயோ நெனப்பா இருந்துட்டேன்.

சரி, ஆனா வயருதான் அப்ப இல்லையே. முன்னாடியே எடுத்தாச்சே. மழை, பஜ்ஜி, டார்ச்சு, அஞ்சு வெரலு. சென்னியப்பன் ரெண்டு டிரைவையும் மாத்தி மாட்டிட்டு அந்தப் படத்த மறுபடியும் ஓட்டிப் பாத்தான், பாக்கெட்டுல சாவி இருக்குதான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறவன் மாதிரி. குத்த வெச்சு ஒக்காந்திருக்கான், முன்னாடி சின்னப் பொட்டி, அதுக்குப் பக்கத்துல சாம்பல் கலர்ல ஒரு எண்ணெய் டேங்க், டேங்குல முட்டி இடிச்சு வலிச்சுது. முட்டி இடிச்சுது. இந்த மிஷின்ல டேங்க் எங்க இருக்குது? அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துல இடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, செவுரு கூட மூணு அடி தள்ளித்தான் இருக்குது. டேங்க் பக்கத்துல பொட்டி இருக்கறது குறிச்சியில, வேற ஒரு ஷெட்டுல, வேற ஒரு மிஷின்ல. அந்த மழையும் குறிச்சி மழைதான், பஜ்ஜியும் அந்தக் கேட்டுக்கு எதுத்த கடை பஜ்ஜிதான். அங்க பூபதி வேலை செஞ்சதே இல்ல. அப்ப டார்ச்சு புடிச்சது யாரு? மொகத்தப் பாக்கப் பாத்தான், மொகம் இல்ல, கை மட்டும் இருந்துச்சு. அந்தக் கையில பூபதியோட வெரல ஒட்ட வெச்சது யாரு? எப்ப ஒட்ட வெச்சது? ஆஸ்பத்திரியில இருந்து பைக்குல திரும்பி வர்றப்பவா? இல்ல, டீய உறிஞ்சிட்டே அந்த மூணு வாக்கியத்தச் சொன்னானே, அப்பவே அந்தப் படம் இருந்துச்சா? இருந்ததாலதான் அவ்வளவு தைரியமா சொன்னானா, இல்ல, சொல்லிட்டதால அதுக்கு முட்டுக் குடுக்க அப்பறமா வந்து ஒக்காந்துச்சா? தெரியல. மனசுக்குள்ள போயிப் போயி அந்த எடத்துல வந்து இடிச்சுக்கறான், ஒரு கதவு இருக்குது, அந்தப் பக்கம் என்னன்னு தெரியல. கலாமணி பக்கத்துல வந்து, அண்ணா, மெயினப் போடட்டுங்களான்னு ரெண்டாவது தடவையா கேட்டுச்சு. போடுங்கன்னான். போட்டதும் பழைய எடத்துலயே, இசட்லயே, அதே அலாரம். கூட வரல. அங்கயே நிக்குது.

அப்பறம் நடந்ததெல்லாம் கை தெரிஞ்ச வேலை. டிரைவும் நல்லாருக்குது, மோட்டாரும் நல்லாருக்குதுன்னா நடுவுல இருக்கறது கேபிள்தான். ஹெட் ஏறி எறங்கறப்ப கூடவே மடங்கி மடங்கி நிமிர்ற கேபிள், ஒரு எடத்துல தோல் தேஞ்சு, தாமிரம் வெளிய பல்ல இளிச்சிட்டு, கூலண்ட் பட்டு பச்சை பூத்துப் போயிருந்துச்சு. கண்டுபுடிச்ச ஒடனே சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துருச்சு, அழுகை வர்ற மாதிரி ஒரு சிரிப்பு. கோளாறு கெடச்சாச்சு. கண்ணுல பாக்கற மாதிரி, வெரல வெச்சு இதுதான்னு காட்டற மாதிரி ஒரு கோளாறு. கலாமணியக் கூப்புட்டுக் காட்டினான், மொதலாளியக் கூப்புட்டுக் காட்டினான், பாருங்க பாருங்க, இதுதான், இவ்வளவுதான், தேஞ்சு போயிருக்குதுன்னு. இவன் தப்பு இல்ல, யாரு தப்பும் இல்ல, மடங்கி மடங்கித் தேஞ்சுது. அந்தத் துண்ட வெட்டி எடுத்து, சால்டர் வெச்சு, சுத்தி, கட்டி, மெயினப் போட்டு ஓட்டினான். ஹெட் வெண்ணெய் மாதிரி ஏறி எறங்குச்சு, அலாரம் இல்ல. ரெண்டே கால் மணி. குழந்தைவேலு முதுகுல ரெண்டு தட்டுத் தட்டினாரு. கலாமணி கதவச் சாத்திட்டு பம்ப் பாடிய அறுக்க ஆரம்பிச்சுருச்சு. சென்னியப்பன் மண்ணெண்ணெய் தொட்டுக் கையத் தொடச்சான், சோப்புப் போட்டுக் கழுவினான், பையில ஒவ்வொண்ணா எடுத்து வெச்சான். போயிரலாம். யாரும் கேக்கல. அலாரத்துக்குக் கூப்புட்டாங்க, அலாரம் போச்சு. கும்புடறத யாரும் கோளாறுன்னே சொல்லலையே, அது அவங்களுக்குப் பழகிப் போன ஒண்ணு, வீட்டுல ஒரு கதவு கிறீச்சுன்னா அத எவனாவது கோளாறுன்னு சொல்லுவானா. பைய மாட்டினான். ஷெட்டு வாசல் வரைக்கும் போனான். வாசல்ல நின்னு பைக்கப் பாத்தான், வெயில்ல சீட்டு கொதிச்சிட்டிருக்கும். பெரிய கட்டர் நாளைக்கும் மாட்டுவாங்க. நாளைக்கு அந்தப் பொண்ணுக்குத் தும்மல் வரணும்னு என்ன இருக்குது.

திரும்பி வந்தான். மிஷினச் சுத்திட்டுப் பின்பக்கம் போனான். முட்டி எதுலயும் இடிக்கல, எடம் தாராளமா இருந்துச்சு, குத்த வெச்சு ஒக்காந்தப்ப அதுவே ஒரு சாட்சி சொல்ற மாதிரி இருந்துச்சு. ரெண்டு ஸ்குரூ. மூடியத் தொறந்ததும் உள்ள இருந்து சூடான தூசி வாடை வந்துச்சு. டார்ச்சு இல்ல, செல்போன் வெளிச்சத்தக் காட்டினான். நீல வயரு. முக்கா அடி. ரெண்டு நுனியிலயும் இவன் எப்பவும் போடற மாதிரி ரெண்டு சுத்து முறுக்கி, கொஞ்சம் எடது பக்கமா சாய்ச்சு. கையெழுத்துப் போட வேண்டியதே இல்ல, ஆனா போட்டிருந்தான். வெள்ளை டேப்புல, மார்க்கர்ல, ரிலே வந்ததும் எடுக்கணும்னு இவனே எழுதி, தேதியும் போட்டு, வயருல கொடி மாதிரி ஒட்டியிருந்தான். ஆடி மாசத் தேதி. ஒழுங்கான மெக்கானிக்கு, எல்லாத்தையும் எழுதி வெப்பான். பொட்டிக்கு அடியிலயே அந்த அட்டைப் பெட்டி, ரிலேயோட, பிரிக்காம, தூசி மூடிக் கெடந்துச்சு. வாங்கி யாரோ இங்கயே வெச்சுட்டாங்க, சென்னியப்பன் வந்தா மாட்டுவான்னு. அதுக்கப்பறம் சென்னியப்பன் எத்தன தடவ வந்தான்? பத்தா, பதினஞ்சா. ஒவ்வொரு தடவையும் வேற ஒரு கோளாறுக்கு வந்தான். படத்துல எடுத்தாச்சே, எடுத்தத எவன் மறுபடி தொறந்து பாப்பான். அவன் அங்க எவ்வளவு நேரம் ஒக்காந்திருந்தான்னு தெரியல. வெளிய கட்டர் இரும்பக் கடிக்கற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அழுகையெல்லாம் வரல. ஆஸ்பத்திரியில தலையத் தடவிக் குடுத்தானே, அந்த உள்ளங்கை மட்டும் அரிச்சுது.

கலாமணி கடைசிப் பாடிய எறக்கினப்பறம் மெயின நிறுத்தச் சொல்லி, வயர உருவிட்டு ரிலேவ மாட்டினான். மறுபடி போட்டு, எமர்ஜென்சிய அமுக்கினான். டொக். ஹெட் ஒரு நூல் கூட அசையல. கலாமணிக்கு அது புடிக்கல, ஏதோ கெட்டுப் போன மாதிரி மொகத்த வெச்சுட்டு, என்னங்கண்ணா, மூணு வருசமா கும்புட்டது, இனிமே கும்புடாதான்னு கேட்டுச்சு. கும்புடக் கூடாதும்மிணி, அது கும்புட்டதே தப்புன்னு சொன்னான். மொதலாளியக் கூப்புட்டான். வயரையும் டேப்பையும் அவரு கையில குடுத்தான். நான் போட்டதுங்க, நான் எடுக்கல, பூபதி மேல எறங்குனது இதாலதானுங்கன்னு சொன்னான். குழந்தைவேலு டேப்புல இருந்ததப் படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு. வாசல்ல வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான். அவரு வயர மடிச்சு, மடிச்சு, உள்ளங்கைக்குள்ள அடக்கி, அதெல்லாம் முடிஞ்சு போன சமாச்சாரம் தம்பி, பையனே ஒத்துக்கிட்டான், இனிமே கெளறி யாருக்கு என்ன ஆகப் போகுதுன்னு சொல்லிட்டு, ஏத்தற எடத்துக்குப் போனாரு. சென்னியப்பன் அவரு பின்னாடி போகல. மிஷினுக்கு முன்னாடியே நின்னுட்டு செல்போன எடுத்தான்.

பூபதி இப்ப சூலூர்ல ஒரு செடி நர்சரியில வேலை செய்யறான்னு தெரியும், நம்பரும் இருந்துச்சு, நாலு வருசமா பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து மட்டும் வரும். ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டான். அண்ணா, நல்லாருக்கீங்களா, அதிசயமா கூப்புட்டிருக்கீங்கன்னு சந்தோசமாப் பேசினான். பின்னாடி தண்ணி அடிக்கற சத்தம். சென்னியப்பன் சுத்தி வளைக்கல, வளைச்சா சொல்ல முடியாதுன்னு தெரியும். "பூபதி, அன்னிக்கு நீ எந்தப் பட்டனையும் அமுக்கல. அது தானாத்தான் எறங்குச்சு. பிரேக்குல நான் போட்ட வயரு இருந்துச்சு, இன்னிக்குத்தான் பாத்தேன். நீ சொன்னதுதான் சரி." தண்ணி நின்னுச்சு. யாரோ ஒரு அம்மா செடியப் பத்தி ஏதோ கேட்டாங்க, பூபதி அவங்களுக்கு, இருங்கம்மா வர்றேன், அதுக்குத் தண்ணி நெறைய ஊத்திராதீங்க, வேரு அழுகிரும்னு சொன்னான். அப்பறம் தள்ளி வந்துட்டான் போல, சத்தமெல்லாம் கொறஞ்சுது. "இல்லீங்ண்ணா. நான்தானுங்க அமுக்கினேன்."

இல்ல பூபதி, வயரு என் கையில இருந்துச்சு, தேதி போட்டிருக்குதுன்னு இவன் ஆரம்பிச்சான். பூபதி பொறுமையா கேட்டான், கேட்டுட்டு, கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்ண்ணா. வலது பக்கம், மேல, மஞ்சப் பட்டன். கட்டவெரல்ல அமுக்கினேன். எங்க வீட்டுல தீபாவளிக்கு என்ன எடுக்கறதுன்னு நெனச்சுட்டே அமுக்கினேன். இப்பக் கண்ண மூடினாலும் அந்தப் பட்டன் சில்லுன்னு கையில தெரியுதுங்க. நீங்க இதப் போட்டு மனசக் கொழப்பிக்காதீங்க, நீங்கதான் அன்னிக்கு வந்து ஒக்காந்து எனக்குத் தைரியம் சொன்னீங்க, அத நான் மறக்க மாட்டேன். சென்னியப்பன் தலையத் தூக்கி மிஷினோட பேனலப் பாத்தான். வலது பக்கம், மேல. வரிசையா பன்னெண்டு பட்டன், எல்லாமே கறுப்பு, வெள்ளையில அம்புக்குறி. கலாமணி அந்தப் பேனலத்தான் துணி வெச்சுத் தொடச்சிட்டிருந்துச்சு. மஞ்சப் பட்டன் ஒண்ணு கூட இல்ல, எப்பவுமே இருந்ததில்ல. அதையும் சொன்னான். அந்த மிஷின்ல மஞ்சப் பட்டனே கெடையாது பூபதி. "இருந்துச்சுங்ண்ணா"ன்னு சொன்னான் பூபதி.

உங்களுக்கு இப்படி ஆயிருக்கா? நல்லா ஞாபகம் இருக்குன்னு நீங்க சத்தியம் பண்ணுவீங்களே ஒண்ணு, அதோட கலரு, அதோட சில்லிப்பு, எல்லாம் கையிலயே இருக்குமே, அத உங்களுக்குள்ள யாரு கொண்டாந்து வெச்சாங்கன்னு எப்பவாவது பாத்திருக்கீங்களா? இல்ல, அன்பா, தலையத் தடவிக் குடுத்து, நீங்க யாருக்குள்ளயாவது அப்படி ஒண்ண வெச்சுட்டு வந்திருக்கீங்களா?